முதல் தொலைநோக்கியும் 25 மில்லிமீட்டர் ஐபீஸும்

என்னுடைய முதல் தொலைநோக்கி வந்த பெட்டியின் மேல் ‘675 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதை வாங்கியதற்கு அந்த எண்ணும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. முதல் நாள் இரவே, கூட வந்த வில்லைகளில் எவற்றைச் சேர்த்தால் அந்த 675 கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி, கிழக்கு வானில் பளிச்சென்று நின்ற வியாழனை நோக்கிக் குழாயைத் திருப்பினேன். நெடுநேரப் போராட்டத்துக்குப் பிறகு கண்ணில் பட்டது, நடுவில் கரிய பொட்டு வைத்த சாம்பல் நிற வட்டம் ஒன்று. குவியக் குமிழைத் திருகத் திருக அந்த வட்டம் பெரிதாகிக்கொண்டே போனதால், கோள் நெருங்கி வருகிறது என்றே நம்பினேன். தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி அழைத்து வந்து காட்டவும் செய்தேன். குவியம் தப்பிய எந்த ஒளிப்புள்ளியும் அப்படித்தான் வட்டமாக விரியும் என்பதும், அந்தக் கரிய பொட்டு என் குழாயின் வாயருகே நிற்கும் சிறிய துணை ஆடியின் நிழல் என்பதும் எனக்குப் புரிய மூன்று வாரங்கள் பிடித்தன.

அதனால், யாராவது புதிதாகத் தொலைநோக்கி வாங்கியதாகச் சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்த ஐபீஸைப் போட்டுப் பார்க்கிறீர்கள் என்பதைத்தான். பாடநூல்கள் கண்ணருகு வில்லை என்று குறிப்பிடும் இந்தச் சிறு உறுப்பைப் புழக்கத்தில் ஐபீஸ் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அதன் பக்கவாட்டில் 25, 10, 4 என்று ஏதேனும் ஓர் எண் இருக்கும். அது அந்த வில்லையின் குவியத் தொலைவு, மில்லிமீட்டரில். தொலைநோக்கியின் குவியத் தொலைவை இந்த எண்ணால் வகுத்தால் வருவதே உருப்பெருக்கம். என் குழாயின் குவியத் தொலைவு 900 மி.மீ.; ஆகவே 25 மி.மீ. ஐபீஸ் 36 மடங்கும், 10 மி.மீ. ஐபீஸ் 90 மடங்கும், 4 மி.மீ. ஐபீஸ் 225 மடங்கும் பெருக்கித் தருகின்றன. எண் குறையக் குறையப் பெருக்கம் கூடும் என்ற இந்தத் தலைகீழ்க் கணக்கு பழகுவதற்குச் சில நாள் ஆகும். ஐபீஸின் பெருக்கத்தைக் கூட்டும் மூன்று மடங்கு பார்லோ வில்லையை இடையில் செருகினால் அந்த 225, பெட்டியின் மேலிருந்த 675 ஆகிவிடும். கணக்கு சரிதான், உருவம்தான் தெரியாது.

ஏன் தெரியாது என்பதற்கான விடை குழாயின் முகப்பு விட்டத்தில் இருக்கிறது. என்னுடையதில் உள்ள குழியாடியின் விட்டம் 114 மி.மீ. இருட்டுக்குப் பழகிய இளம் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும். சேரும் ஒளியின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வெறுங்கண்ணுக்குள் நுழைவதைவிட ஏறத்தாழ 250 மடங்கு ஒளியை அந்த ஆடி திரட்டித் தருகிறது. தொலைநோக்கி நமக்குச் செய்யும் பெரிய உபகாரம் இதுதான். திரண்ட ஒளி இவ்வளவுதான் என்று ஆன பிறகு, உருவத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க அதே ஒளி அகன்ற பரப்பில் பரவி மங்குகிறது. உருவத்தின் நுணுக்கமோ, முகப்பு விட்டம் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிக் கூடுவதில்லை. விட்டத்தின் மில்லிமீட்டர் எண்ணை இரண்டால் பெருக்கினால் வருவதே பயனுள்ள உச்சப் பெருக்கம் என்பது நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. 70 மி.மீ. குழாய்க்கு அது 140, என்னுடையதற்கு 228. அதுவும் காற்று அசையாமல் நிற்கும் அருமையான இரவுகளில் மட்டுமே. மற்ற இரவுகளில் 150ஐத் தாண்டியதுமே கோள்கள் ஓடும் நீருக்கடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் போல நெளியத் தொடங்கிவிடுகின்றன.

வில்லைத் தொலைநோக்கி நல்லதா, ஆடித் தொலைநோக்கி நல்லதா என்ற விவாதத்துக்குள் நான் நுழையப்போவதில்லை. முன்னது பராமரிப்புக் குறைந்தது. பின்னது அதே செலவில் பெரிய முகப்பு விட்டத்தைத் தருவது, ஆனால் அதன் இரு ஆடிகளும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டியது. இரண்டிலும் வானம் தெரியும். குழாயைவிட அதைத் தாங்கும் முக்காலியே தொடக்கநிலையாளரை அதிகம் சோதிக்கிறது என்பது என் அனுபவம். 90 மடங்கு பெருக்கத்தில் வியாழனோடு சேர்ந்து முக்காலியின் நடுக்கமும் 90 மடங்காகத் தெரியும். குமிழைத் தொட்டால் உருவம் துள்ளுகிறது. கையை எடுத்த பின்பும் சில நொடிகள் ஆடிக்கொண்டே இருக்கிறது. கால்களை முழு உயரத்துக்கு நீட்டாமல் பாதியளவில் நிறுத்தி, நாற்காலியில் அமர்ந்து பார்ப்பதும், முக்காலியின் நடுத் தட்டில் கனமான பை ஒன்றை வைப்பதும் அந்த ஆட்டத்தைப் பெருமளவு குறைக்கின்றன. சுழலும் மரப்பெட்டியில் குழாயைக் கிடத்தும் டாப்சோனியன் அமைப்பில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அமெரிக்காவின் ஜான் டாப்சன் பரப்பிய அந்த எளிய வடிவத்தை, இடவசதி உள்ளவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்.

இனி, பகலில் செய்ய வேண்டிய வேலை. குழாயின் மேல் சிறிய துணைத் தொலைநோக்கி ஒன்றோ, சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடித் துண்டு ஒன்றோ பொருத்தப்பட்டிருக்கும். ஃபைண்டர் எனப்படும் இதை நேர்ப்படுத்தாமல் இரவில் வானத்தைத் தேடுவது, ஊசித் துளை வழியாகப் பார்த்துக்கொண்டே ஒரு மைதானத்தில் விழுந்த மணியைத் தேடுவதற்கு ஒப்பாகும். பகல் வெளிச்சத்தில், 25 மி.மீ. ஐபீஸைப் போட்டு, குறைந்தது சில நூறு மீட்டர் தொலைவில் அசையாமல் நிற்கும் ஏதேனும் ஒன்றின் நுனியைப் பார்வையின் நடுவே கொண்டுவர வேண்டும். நான் எடுத்துக்கொண்டது ஒரு கைபேசிக் கோபுரத்தின் உச்சி விளக்கு. அது தலைகீழாகத் தெரிந்தபோது கருவி பழுது என்று நினைத்தேன். ஆடித் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும், மேல் கீழ் அற்ற வானத்துக்கு அது ஒரு குறையல்ல. வில்லைத் தொலைநோக்கியில், ஒளியை மடக்கித் திருப்பும் சாய்வுக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் உருவம் நிமிர்ந்திருக்கும், ஆனால் இடம் வலமாக மாறியிருக்கும். விளக்கு நடுவில் நின்றதும், குழாயை அசைக்காமல், ஃபைண்டரின் திருகுகளை மட்டும் சிறிது சிறிதாகத் திருகி, அதன் குறுக்குக்கோடும் அதே விளக்கின் மேல் வந்து நிற்கும்படி செய்ய வேண்டும். பிறகு 10 மி.மீ. ஐபீஸுக்கு மாறி இதையே இன்னொரு முறை செய்தால் துல்லியம் கூடும். மொத்தம் பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்ட முதல் மூன்று வாரங்களில், நிலவைத் தவிர வேறெதையும் நான் எண்ணியபடி பிடித்ததில்லை.

பகலில் குழாயைத் திறக்கும்போது சூரியன் இருக்கும் பக்கமே அது திரும்பக் கூடாது. பெரிய குழாயாயினும் சின்ன ஃபைண்டராயினும் அதன் வழியே ஒரு கணம் சூரியனைப் பார்த்தாலும் விழித்திரை நிரந்தரமாகக் கெட்டுவிடும். விழித்திரைக்கு வலியுணர்வு இல்லாததால் எரிவதுகூடத் தெரியாது. சில பழைய பெட்டிகளில் ஐபீஸின் அடியில் திருகிப் பொருத்தும் கறுப்புச் சூரிய வடிகட்டி ஒன்று இருக்கும். திரண்ட வெப்பம் முழுவதும் அந்தச் சிறு கண்ணாடியின் மேல் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிசல் விடக்கூடும். அதைக் குப்பையில் போடுங்கள். சூரியனைப் பார்க்க வேண்டுமானால், குழாயின் வாயை முழுவதும் மூடும்படி செய்த, அதற்கென்றே சான்றளிக்கப்பட்ட வடிகட்டி வேண்டும். ஃபைண்டரும் மூடியிருக்க வேண்டும்.

இரவில், பார்ப்பதற்கு அரைமணி நேரம் முன்பே தொலைநோக்கியை வெளியே வைத்துவிடுவது நல்லது. வீட்டின் வெப்பம் குழாய்க்குள் தங்கியிருக்கும் வரை உள்ளே சூடான காற்று சுழன்று உருவத்தைக் கலைக்கும். சன்னல் கண்ணாடி வழியே பார்ப்பதும், பகலெல்லாம் வெயில் வாங்கிய கூரையின் மேலாகப் பார்ப்பதும் இதே காரணத்தால் பயன்படா. இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள்: பல குழாய்களின் பெரிய மூடியின் நடுவே ஒரு சிறிய மூடி இருக்கும். புதியவர்கள் அந்தச் சிறியதை மட்டும் கழற்றிவிட்டு, வந்த ஒளியில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஒன்றுமே தெரியவில்லை என்று வருந்துவார்கள். பெரிய மூடியையே கழற்ற வேண்டும்.

தொடங்கும்போது ஐபீஸ் 25 மி.மீ. தான், பேச்சே இல்லை. குவியக் குமிழைத் திருகும்போது நாம் தேடுவது மிகச் சிறிய புள்ளியை. விண்மீன்கள் எவ்வளவு பெருக்கினாலும் புள்ளிகளே. வட்டம் பெரிதாகிறது என்றால் தவறான திசையில் திருகுகிறோம் என்று பொருள். ஒளிப்புள்ளி சுருங்கிச் சுருங்கி, ஓரிடத்தில் ஊசிமுனையாகி, அதைத் தாண்டித் திருகினால் மறுபடி விரியும். அந்த ஊசிமுனை இடமே குவியம். உருவத்தை நடுவில் நிறுத்திய பிறகுதான் 10 மி.மீ. ஐபீஸுக்கு மாற வேண்டும். மாறியதும் குவியத்தை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

இதற்குள் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது நகர்ந்து போயிருக்கும். இது முக்காலியின் பிழை அல்ல. பூமி சுழல்வதால் வானம் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை நகர்கிறது. அதாவது நிலவின் அகலம் அளவுக்கு நகர இரண்டு நிமிடம் போதும். என் 25 மி.மீ. ஐபீஸில் மூன்று நிலவுகளை வரிசையாக வைக்கும் அளவுக்கு வானம் தெரிவதால், ஒரு விண்மீன் பார்வையைக் கடக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. 10 மி.மீ. ஐபீஸில் அது இரண்டு நிமிடம். 4 மி.மீ. ஐபீஸிலோ ஒரு நிமிடம்கூட இல்லை. முக்காலி ஆடி அடங்குவதற்கும் குவியம் பிடிப்பதற்குமே அது போய்விடும். பெருக்கத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கச் சொல்வதற்கு இந்த ஒரு கணக்கே போதும். சாய்ந்த அச்சுடைய ஈக்குவடோரியல் முக்காலி இருந்தால், அதன் சாய்வை நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக வைத்து, அந்த அச்சை வானத் துருவத்தை நோக்கி நிறுத்த வேண்டும். வட கோளத்தில் இருப்பவர்கள் துருவ விண்மீனைக் குறியாகக் கொள்ளலாம். அதன்பின் ஒரே ஒரு குமிழை மெல்லத் திருகிக்கொண்டே இருந்தால், உருவம் நகராமல் நிற்கும். அட்சரேகை எதற்கு என்று தெரியாமல் அந்த அளவுகோலைப் பல மாதங்கள் அலங்காரமாக வைத்திருந்தவன் நான்.

முதலில் பார்க்க வேண்டியது நிலவு. ஆனால் முழுநிலவு வேண்டாம். அன்று சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இருக்காது. மேடு பள்ளம் எதுவும் தெரியாமல் வெள்ளைத் தட்டு ஒன்று கண்ணைக் கூசச் செய்யும். அமாவாசைக்குப் பிந்தைய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, ஒளியும் இருளும் சந்திக்கும் அந்த எல்லைக்கோட்டில் குழாயை நிறுத்துங்கள். அங்கே அப்போதுதான் சூரியன் உதித்துக்கொண்டிருக்கிறது. கிண்ணக் குழிகளின் ஒரு பக்க விளிம்பு வெளிச்சத்திலும் உட்புறம் மை போன்ற இருட்டிலும் கிடக்கும். வளர்பிறையின் ஒன்பதாம் நாளையொட்டி, 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் குழி இந்தக் கோட்டுக்கு வரும். 90 மடங்கில் அதன் படிப்படியான உட்சுவர்களையும் நடுவிலிருக்கும் குன்றுகளையும் காணலாம். கோட்டுக்கு அப்பால், முழு இருட்டுக்குள், தனித்து மின்னும் ஓரிரு புள்ளிகள் தென்படும். அவை மலையுச்சிகள், அடிவாரத்துக்கு விடியும் முன்பே முடிக்கு விடிந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள், அந்தப் புள்ளி வளர்ந்து சிறு கீற்றாகியிருக்கும். இதைக் கண்ணால் பார்த்த அன்று நான் வேறு எதையும் தேடவில்லை.

அடுத்தது வியாழன். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ தன் கருவியை வியாழன் பக்கம் திருப்பியபோது, அதனருகே மூன்று சிறு புள்ளிகளைக் கண்டார். முதலில் அவற்றை விண்மீன்கள் என்றே எண்ணினார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறுவதைக் குறித்துக்கொண்டு, அவை வியாழனைச் சுற்றும் நிலவுகள் என்ற முடிவுக்கு வந்தார்; 13ஆம் தேதி நான்காவதையும் கண்டார். அவருடைய கருவியின் பெருக்கம் ஏறத்தாழ 20 மடங்குதான். நம் 25 மி.மீ. ஐபீஸ் அதைவிட அதிகமாகவே காட்டுகிறது. ஒரு தாளில் நடுவே வட்டம் போட்டு, இரு பக்கமும் புள்ளிகள் இருக்கும் இடத்தை வாரம் முழுவதும் குறித்து வாருங்கள். அந்த நான்கு நிலவுகளில் மிக உள்ளே இருக்கும் அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுவதால், ஒரே இரவில் மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையிலேயே அது நகர்ந்திருப்பது தெரியும். 90 மடங்கில் கோளின் மேல் இரண்டு மங்கிய பட்டைகளும் தெரியும். பார்த்த உடனே அல்ல, பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால், காற்று சற்றே அமைதியாகும் கணங்களில் மட்டும் சட்டென்று துலங்கி மறையும்.

சனியின் வளையம் 36 மடங்கில் கோளை ஒட்டிய நீள்வட்டமாகத் தோன்றும். 90 மடங்கில் கோளுக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள கறுப்பு இடைவெளி விளங்கும். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி, கோடாய் மெலிந்துவிடும். 1612இல் அப்படி மறைந்ததைக் கண்டு கலிலியோ குழம்பினார்; அது கோளைத் தொடாமல் சுற்றிக் கிடக்கும் தட்டையான வளையம் என்ற விளக்கத்தை ஹைகன்ஸ் 1659இல் வெளியிட்டார். அண்மையில் 2025 மார்ச்சில் அது விளிம்பைக் காட்டியது. அதையடுத்த ஆண்டுகளில் அது மெல்ல மெல்லவே விரியும் என்பதால், படங்களில் கண்ட அகன்ற வளையத்தை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

மங்கிய பொருள்களுக்கு வரும்போது தொலைநோக்கியைவிடக் கண்ணையே அதிகம் பழக்க வேண்டியிருக்கிறது. இருட்டுக்குக் கண் முழுவதும் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். இடையில் கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. கண்ணின் நடுப்பகுதி மங்கிய ஒளியை உணர்வதில் பலவீனமானது என்பதால், பொருளை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்க்கும்போது, இல்லாதது போல் இருந்த ஒன்று மெல்ல எழுந்து வரும். ஓரியன் விண்மீன் குழுவின் இடைக்கச்சைக்குக் கீழே தொங்கும் நெபுலா என்ற வாயு மேகத்தை இப்படிப் பார்த்தால், சிறகு விரித்த புகைபோல் தெரியும். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் ஒரு சாம்பல் திட்டு மட்டுமே. படங்களில் காணும் சிவப்பும் நீலமும் நெடுநேரம் ஒளியைச் சேமித்த கேமராவுக்குச் சொந்தமானவை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறமே தெரியாது. கார்த்திகைக் கூட்டம் பரந்து கிடப்பதால் அதற்கு 25 மி.மீ. ஐபீஸே ஏற்றது, 10 மி.மீ. போட்டால் கூட்டம் கலைந்து தனித்தனி விண்மீன்களாகிவிடும்.

வெளிச்சம் மிகுந்த இடங்களில் இருப்பவர்களுக்கு இரட்டை விண்மீன்கள் கைகொடுக்கும். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் உள்ள வசிட்டரும் அருந்ததியும் கூரிய வெறுங்கண்ணுக்கே பிரிந்து தெரிவார்கள். அவர்களைப் பார்வையின் நடுவே நிறுத்திக் குவியத்தைச் சரியாகப் பிடித்தால், வசிட்டரே இரண்டு விண்மீன்களாகப் பிரிவதைக் காணலாம். பதினேழாம் நூற்றாண்டிலேயே தொலைநோக்கி பிரித்துக் காட்டிய இரட்டை அது. உங்கள் குவியமும் ஃபைண்டரும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. 36 மடங்கே போதும்.

பார்த்து முடித்ததும் ஒரு சங்கடம் உண்டு. பனி இறங்கும் இரவுகளில் ஆடியும் வில்லையும் ஈரமாகியிருக்கும். துணியால் துடைக்கக் கூடாது. ஆடியின் பூச்சு மிக மெல்லியது, தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழும். மூடியைப் போடாமல், குழாயின் வாயைத் தரைப்பக்கம் சாய்த்து, அறைக்குள் காயவிட்டு, காலையில் மூடினால் போதும். கொஞ்சம் தூசி படிந்திருந்தாலும் உருவம் கெடாது. மூடும்போது 25 மி.மீ. ஐபீஸைக் குழாயிலேயே விட்டு, அதற்கும் ஒரு மூடி போட்டு வைத்துவிடுவேன். அடுத்த முறை இருட்டில் அதைத் தேட வேண்டியிருக்காது. பார்லோ வில்லை எங்கே இருக்கிறது என்று எனக்கு நினைவில்லை.